புகை வராது, சரி… காற்று சுத்தமா? 'நேச்சுரல்' வேக்ஸ் மெல்ட் பற்றி முழுசா ஒரு பார்வை

மாங்காடு காமாட்சி அம்மன் கோயில் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே முதலில் வரவேற்பது எலுமிச்சை வாசனைதான். தொடர்ந்து ஆறு வாரம் எலுமிச்சம்பழத்துடன் வந்து வேண்டிக்கொள்வது அந்தக் கோயிலின் வழக்கம். கூடவே மல்லி, கற்பூரம், நெய் விளக்கு. அங்கிருந்து சில தெரு தள்ளி, புதிதாக முளைத்திருக்கும் அபார்ட்மென்ட்களுக்கு டெலிவரி பாய் கொண்டுபோகும் பெட்டிக்குள்ளும் அதே எலுமிச்சை, அதே மல்லி இருக்கிறது. ஆனால் சாக்லேட் துண்டு மாதிரி சின்னச் சின்ன மெழுகுக் கட்டியாக! பெயர் வேக்ஸ் மெல்ட். பெட்டியின் மேல் '100 சதவீதம் நேச்சுரல் எசென்ஷியல் ஆயில்', 'புகையில்லாதது', 'கெமிக்கல் இல்லாதது' என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கும்.

மழைக்காலம் வந்தால் மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி பக்க ஃப்ளாட்களில் ஒரு ஈர வாடை வரும். துணி காயாது, பால்கனியில் வெயில் இல்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கொசுவுக்குப் பயந்து ஜன்னலைத் திறக்க முடியாது. அந்த நேரத்தில் ரீல்ஸில் வரும் இந்தக் குட்டி மெழுகு நல்ல தீர்வாகத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. ஊதுபத்தி போட்டால் தும்மல், சாம்பிராணி போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். இதில் புகையே இல்லையே!

புகை இல்லை என்பது உண்மை. ஆனால் புகை இல்லாததும் காற்று சுத்தமாக இருப்பதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் புரிய, முதலில் இந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

திரி இல்லாத மெழுகு

வேக்ஸ் மெல்ட் என்பது திரி இல்லாத வாசனை மெழுகு. அவ்வளவுதான். மெழுகுவர்த்தியில் மெழுகே எரிபொருள். திரி வழியாக மேலே ஏறி எரிந்து தீர்ந்துபோகும். வேக்ஸ் மெல்ட்டில் மெழுகு எரிவதில்லை, உருக மட்டும் செய்கிறது. ஒரு சின்ன கிண்ணத்தில் கட்டியை வைத்து, கீழே லேசாகச் சூடு கொடுத்தால் மெழுகு உருகும். அதில் கலந்திருக்கும் நறுமண எண்ணெய் ஆவியாகி அறைக்குள் பரவும்.

புதிதாக வாங்குபவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நாலு நாள் பயன்படுத்திய பிறகும் கிண்ணத்தில் மெழுகு அப்படியே இருக்கும், ஆனால் வாசனை வராது. "மெழுகு தீரவே இல்லையே, ஏமாத்திட்டாங்களா?" என்று ரிவ்யூ எழுதுவார்கள். ஏமாற்றம் எதுவும் இல்லை. மெழுகு இங்கே வெறும் வண்டி. பயணி நறுமண எண்ணெய். பயணி இறங்கிய பிறகும் வண்டி நிற்கத்தான் செய்யும். வாசனை போன மெழுகைத் தூக்கிப்போட்டுவிட்டு புதுக் கட்டி வைக்க வேண்டியதுதான்.

சூடு கொடுக்க இரண்டு வழி. ஒன்று, பீங்கான் பர்னர்: கீழே ஒரு டீலைட் மெழுகுவர்த்தி, மேலே கிண்ணம். இரண்டாவது, கரண்டில் ஓடும் வார்மர். இதில் சூடு தகடு வைத்ததும் உண்டு, பல்பின் சூட்டிலேயே உருக்குவதும் உண்டு. வீட்டில் சின்னக் குழந்தை, பூனை, பறக்கும் திரைச்சீலை இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கரண்ட் வார்மரே மேல். கரண்ட் பில் பயம் வேண்டாம். 20 வாட் வார்மரை தினமும் 3 மணி நேரம் போட்டால் மாதம் 2 யூனிட்கூட வராது. டீலைட் பர்னரை வைத்துக்கொண்டு 'புகையே இல்லை' என்று சொல்வதும் சரியில்லை. கீழே ஒரு தீ எரிந்துகொண்டுதானே இருக்கிறது?

சென்னை வெயிலும் சோயா மெழுகும்

ஆன்லைனில் அதிகம் கிடைப்பது சோயா மெழுகு. சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் சேர்த்து, அதாவது வனஸ்பதி செய்யும் அதே வேதியியல் முறையில், கெட்டியாக்கியது. பாரஃபின் என்பது பெட்ரோலியத்தில் இருந்து வருவது. நம் ஊர் மளிகைக் கடை மெழுகுவர்த்தி பெரும்பாலும் இதுதான். தேன்மெழுகு விலை அதிகம், அதற்கே ஒரு வாசனையும் உண்டு. தேங்காய் எண்ணெய் கலந்த மெழுகுகளும் வருகின்றன.

இதில் நமக்கு முக்கியம் உருகும் வெப்பநிலை. சோயா மெழுகு வகையைப் பொறுத்து 45 முதல் 57 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். தேன்மெழுகுக்கு 62-க்கு மேல் வேண்டும். சென்னையில் 2003 மே மாதம் 45 டிகிரி வரை பதிவாகியிருக்கிறது. அது நிழலில் அளந்த கணக்கு. மதிய வெயிலில் நிற்கும் டெலிவரி வண்டிப் பெட்டிக்குள்ளும், வெயிலில் பார்க் செய்த காருக்குள்ளும் அதைவிட அதிகம் இருக்கும். மே மாதம் ஆர்டர் செய்த மெல்ட் கட்டியாக வராமல் அல்வாவாக வந்தால் காரணம் இதுதான். வாங்கியதை ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் மறுபடி கெட்டியாகும். வாசனை கொஞ்சம் குறைந்திருக்கலாம், மற்றபடி கெட்டுப்போகாது.

'சோயா நல்லது, பாரஃபின் விஷம்' என்று சொல்லும் விளம்பரங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மெல்ட்டில் மெழுகு எரிவதே இல்லை என்பதால், எரியும்போது வரும் கரி பற்றிய வாதம் இங்கே பொருந்தாது. எந்த மெழுகு என்பதைவிட, அதில் என்ன எண்ணெய், எவ்வளவு கலந்திருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

எசென்ஷியல் ஆயில் எது, வாசனை எண்ணெய் எது?

எசென்ஷியல் ஆயில் என்றால் ஒரு செடியின் இலை, பூ, வேர், தோல், மரம் இவற்றில் இருந்து நேரடியாகப் பிரித்தெடுத்த, ஆவியாகும் தன்மை கொண்ட எண்ணெய். பெரும்பாலும் நீராவியில் வடித்து எடுப்பார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை மாதிரி பழங்களின் தோலைப் பிழிந்தும் எடுப்பதுண்டு. ஃப்ராக்ரன்ஸ் ஆயில் எனப்படுவது ஆய்வகத்தில் பல வேதிப்பொருட்களைக் கலந்து செய்யும் வாசனை. இதில் இயற்கைப் பொருளும் கொஞ்சம் இருக்கலாம்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது: ஊட்டி தைலம். ஆஸ்திரேலிய மரமான யூகலிப்டஸ் நீலகிரிக்கு வந்தது 1843-ல். விறகுக்காக நட்ட மரம், பிறகு மலை முழுக்கப் பரவி, அதன் பெயரே தமிழில் நீலகிரி மரம் என்றாகிவிட்டது. கீழே விழுந்த இலைகளைப் பொறுக்கி, பெரிய கொதிகலனில் அடைத்து, நீராவி விட்டு, அந்த ஆவியைக் குளிர வைத்தால் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதக்கும். அதை வடித்தால் நீலகிரி தைலம். தோராயமாக நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ எண்ணெய். இதன் முக்கியப் பொருள் 1,8-சினியோல். மூக்கடைப்பைத் திறப்பது போன்ற அந்தக் 'குளுகுளு' உணர்வைத் தருவது இதுதான்.

கேரளாவில் எலுமிச்சைப்புல் தைலமும் இதே கதைதான். ஒரு காலத்தில் உலக வாசனைச் சந்தையில் இதற்கு 'கொச்சி எண்ணெய்' என்றே பெயர். எர்ணாகுளம் மாவட்டம் ஓடக்காலியில் இதற்காகவே 1951-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். எலுமிச்சைப்புல் தைலத்தின் பெரும் பகுதி சிட்ரால் என்ற ஒரே வேதிப்பொருள்.

வேதிப்பொருள் என்று சொன்னதும் சிலருக்கு ஷாக் ஆகலாம். 'கெமிக்கல் இல்லாத எசென்ஷியல் ஆயில்' என்று ஒன்று உலகத்தில் கிடையாது. சிட்ரால், சினியோல், லிமோனின், லினலூல் எல்லாமே வேதிப்பொருட்கள்தான். செடி செய்தாலும் ஆலை செய்தாலும் மூலக்கூறு ஒன்றே.

சரி, மல்லிகைக்கு வருவோம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மல்லிகையை நீராவியில் வடித்தால் அந்த மென்மையான மணம் சூட்டில் சிதைந்துவிடும். அதனால் கரைப்பானில் ஊற வைத்து 'கான்கிரீட்' எனப்படும் மெழுகு போன்ற பொருளை எடுப்பார்கள். அதை மறுபடி ஆல்கஹாலில் சுத்திகரித்தால் கிடைப்பது 'அப்சல்யூட்'. தமிழ்நாட்டில் சத்தியமங்கலம், கோவை, திண்டுக்கல் பக்கம் இப்படி மல்லிகை வாங்கும் ஆலைகள் உண்டு. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு டன் பூவில் இருந்து வருவது சில கிலோ கான்கிரீட். அப்சல்யூட் அதில் சுமார் பாதி. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும் பூவில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருநூறு ரூபாய் பாக்கெட்டில் 'ப்யூர் ஜாஸ்மின் எசென்ஷியல் ஆயில்' எப்படி வரும்? சந்தனம், ரோஜாவுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இன்னொரு சுலபமான சோதனை, பெயரைப் பார்ப்பது. ஸ்ட்ராபெர்ரி, 'கடல் காற்று', 'துவைத்த துணி', 'சாக்லேட் கேக்', 'மழை மண் வாசம்' என்றெல்லாம் மெல்ட் வருகிறது. ஸ்ட்ராபெர்ரிக்கு எசென்ஷியல் ஆயில் கிடையாது. கடல் காற்றுக்கும் கிடையாது. இந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் '100 சதவீதம் எசென்ஷியல் ஆயில்' என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மண் வாசத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு: உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் சுட்ட மண்ணை வடித்து சந்தன எண்ணெயில் இறக்கும் 'மிட்டி அத்தர்'. அதை மெழுகில் கலந்து மலிவாக விற்க யாருக்கும் கட்டுப்படியாகாது.

காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, எண்ணெய்க் கறை இல்லாமல் காய்ந்தால் சுத்தமானது என்று ஒரு டிப்ஸ் சுற்றுகிறது. எண்ணெயில் தேங்காய் எண்ணெய் மாதிரி ஏதாவது கலந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் வெட்டிவேர், சந்தனம் போன்ற கனமான எண்ணெய்கள் கலப்படம் இல்லாமலேயே கறை விடும். ஆய்வகத்தில் செய்த வாசனையோ கறையே விடாமல் ஆவியாகலாம். ஆக இந்தச் சோதனையில் பாதிதான் விஷயம்.

வாசனை ஏன் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது?

இயற்கை எண்ணெய் மெல்ட் வாங்கியவர்களின் பொதுவான புகார் இது. "முதல் நாள் சூப்பர், அடுத்த நாள் ஒண்ணுமே இல்ல." இது தரக் குறைவு இல்லை, எண்ணெயின் குணம். ஆரஞ்சு, எலுமிச்சை போன்றவற்றின் மூலக்கூறுகள் சின்னவை. சூடு பட்டதும் முதலில் ஓடிவிடும். லாவெண்டர், எலுமிச்சைப்புல் கொஞ்சம் நிதானம். வெட்டிவேர், பச்சௌலி, சந்தனம் கடைசி வரை நிற்பவை. அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் எலுமிச்சையைத் தனியாக விடாமல் வெட்டிவேர் மாதிரி ஒன்றுடன் சேர்ப்பார்கள். ஃப்ராக்ரன்ஸ் ஆயிலில் வாசனையைப் பிடித்துவைக்கும் பொருட்களைச் சேர்க்க முடியும் என்பதால் அது நாள்கணக்கில் நிற்கும். நீண்ட நாள் நிற்கும் 'நேச்சுரல் லெமன்' என்றால் சந்தேகப்படலாம்.

இன்னொன்று, நம் மூக்கு. ஒரே வாசனையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மீன் மார்க்கெட்டில் நிற்பவருக்கு வாடை தெரியாதது போல. வாசனை வரவில்லை என்று இரண்டாவது கட்டி, மூன்றாவது கட்டி என்று போடுவதற்கு முன், வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். வாசனை அங்கேயேதான் இருக்கும்.

புகையே இல்லை, ஆனால் துகள் இருக்கிறது

இனி முக்கியமான விஷயம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரிசோதனைக்காகவே கட்டிய ஒரு முழு வீட்டில் கடைகளில் விற்கும் வேக்ஸ் மெல்ட்களை உருக்கி, காற்றை அளந்து பார்த்தார்கள். 2025-ல் 'என்விரான்மென்டல் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி லெட்டர்ஸ்' இதழில் முடிவு வெளியானது. வாசனை உள்ள மெல்ட்களை உருக்கியபோது, ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் பத்து லட்சத்துக்கும் அதிகமான நானோ துகள்கள் உருவாகின. மெழுகுவர்த்தியும் கேஸ் அடுப்பும் உருவாக்கும் அளவுக்கு இது ஒப்பானது. தீயே இல்லாமல்!

எப்படி? வாசனை எண்ணெயில் இருந்து ஆவியாகும் லிமோனின் போன்ற டெர்பீன்கள், அறைக் காற்றில் இருக்கும் ஓசோனுடன் வினைபுரிகின்றன. அதில் பிறக்கும் புதிய பொருட்கள் ஒன்றோடொன்று ஒட்டி கண்ணுக்குத் தெரியாத துகளாகின்றன. வாசனை சேர்க்காத வெறும் மெழுகில் இந்தத் துகள் உருவாக்கம் நடக்கவில்லை. அதாவது பிரச்சினை மெழுகில் இல்லை, வாசனையில். அந்த டெர்பீன்கள் இயற்கை எலுமிச்சைத் தோலில் இருந்து வந்தாலும் ஓசோனுக்குக் கவலை இல்லை. எசென்ஷியல் ஆயில்களில் டெர்பீன்கள் இயல்பாகவே அதிகம். டெர்பீன்-ஓசோன் வினையில் ஃபார்மால்டிஹைடும் கொஞ்சம் உருவாகும் என்பது ஏற்கெனவே தெரிந்த வேதியியல்.

இதைப் படித்துவிட்டு வார்மரை இன்றே குப்பையில் போட வேண்டியதில்லை. அந்த ஆய்வு அளந்தது துகள்களின் எண்ணிக்கையை. அதனால் ஒருவருக்கு என்ன நோய் வரும் என்பதை அல்ல. நம் வீட்டுப் புகைகளுடன் ஒப்பிட்டாலும் கணக்கு வேறு. ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் பி.எம். 2.5 நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அதற்குப் பக்கத்தில் வேக்ஸ் மெல்ட் சாதுதான். ஆனால் 'காற்றைச் சுத்தமாக்கும்' என்று பெட்டியில் போடுவது மட்டும் சுத்தப் பொய். எந்த வாசனைப் பொருளும் காற்றில் எதையோ சேர்க்கிறதே தவிர, எதையும் நீக்குவதில்லை.

ஓசோன் எங்கிருந்து வருகிறது? வாகனப் புகையின் மீது வெயில் படும்போது உருவாவது அது. பொதுவாக மதியத்துக்குப் பிறகு உச்சத்தில் இருக்கும். பூந்தமல்லி நெடுஞ்சாலை, பைபாஸ் ஓரம் வசிப்பவர்கள் வெயில் உச்சத்தில் மெல்ட் போடாமல் இரவு போட்டால் கொஞ்சம் மேல். 'அயனைசர்', 'ஓசோன்' என்று சொல்லி விற்கும் ஏர் ப்யூரிஃபையர் வீட்டில் இருந்தால் அதையும் மெல்ட்டையும் ஒரே நேரத்தில் ஓட்டவே கூடாது. ஓசோனை நாமே உற்பத்தி செய்து கொடுத்தது போல ஆகிவிடும்.

இப்போது நம் மாங்காடு சிக்கலுக்கு வருவோம். காற்றோட்டம் வேண்டும் என்றால் ஜன்னலைத் திறக்க வேண்டும், திறந்தால் கொசு. சிட்ரோனெல்லா மெல்ட் போட்டால் கொசு வராது என்று விற்கிறார்கள். அதை நம்பி ஜன்னலைத் திறந்துவைத்து டெங்குவை வரவேற்க வேண்டாம். வலை அடித்த ஜன்னல்தான் இரண்டுக்கும் வழி. வலை இல்லாத வீடு என்றால், மெல்ட்டை அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அணைத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். ஏ.சி. போட்டு எல்லாவற்றையும் மூடிய படுக்கையறையில் இரவு முழுக்க வார்மர் ஓடுவதுதான் இருப்பதிலேயே மோசமான பயன்பாடு. வீட்டில் அதிகம் நடப்பதும் அதுதான்.

யார் வீட்டில் வேண்டவே வேண்டாம்?

வலிப்பு நோய் உள்ளவர்கள் வீட்டில் யூகலிப்டஸ், கற்பூர வாசனை வேண்டாம். இது பொதுவான எச்சரிக்கை இல்லை, தென்னிந்தியாவிலேயே செய்த ஆய்வில் இருந்து வருவது. தென்னிந்திய மருத்துவமனைகள் நான்கில் நான்கு ஆண்டுகள் நடந்து, 2021-ல் வெளியான அந்த ஆய்வில் வலிப்புடன் வந்த 350 பேரைக் கவனித்தார்கள். அவர்களில் 55 பேருக்கு, அதாவது 15.7 சதவீதம் பேருக்கு, எசென்ஷியல் ஆயிலுடன் தொடர்பு தெரிந்தது. சிலருக்கு ஏற்கெனவே வலிப்பு நோய் இருந்தது, எண்ணெய் அதைத் தூண்டியது. சிலருக்கு முன்பு வலிப்பே வந்ததில்லை. முக்கியமாகச் சிக்கியவை யூகலிப்டஸும் கற்பூரமும். தைலம், பாம், ஆவி பிடித்தல் என்று நாம் 'இது ஒண்ணும் பண்ணாது' என நினைக்கும் பொருட்கள்தான் பேசப்பட்டன, வேக்ஸ் மெல்ட் அல்ல. ஆனால் மூக்கு வழியாகப் போகும் பொருள் அதேதான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் அறைக்கும் இந்த இரண்டும், பெப்பர்மின்டும் வேண்டாம்.

ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்களுக்கு இயற்கை, செயற்கை என்ற பேதமே இல்லை. எந்தக் கடும் வாசனையும் மூச்சிரைப்பைத் தூண்டலாம். பூனை வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் உடல் சில எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் வழியில் பூனையின் கல்லீரலுக்குப் போதிய திறன் இல்லை. டீ ட்ரீ, யூகலிப்டஸ், சிட்ரஸ், பெப்பர்மின்ட் அதற்கு ஆபத்தானவை. பூனை மேஜையில் ஏறி உருகிய மெழுகை நக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

'நேச்சுரல்' என்ற வார்த்தையை ஏன் இவ்வளவு சந்தேகமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 2021-ல் அமெரிக்காவில் நான்கு வெவ்வேறு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற அபூர்வமான பாக்டீரியா தொற்று வந்தது. இருவர் இறந்தார்கள். பல மாதத் தேடலுக்குப் பிறகு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டுபிடித்த மூலம், லாவெண்டர்-கெமோமில் வாசனை அரோமாதெரபி ஸ்ப்ரே. தயாரான இடம் இந்தியா. அந்த அக்டோபரில் சுமார் 3,900 பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. ஸ்ப்ரேயில் தண்ணீர் இருக்கும், தண்ணீரில் கிருமி வாழும். மெழுகில் தண்ணீர் இல்லை என்பதால் மெல்ட்டில் இந்தக் குறிப்பிட்ட ஆபத்து மிகக் குறைவு. ஆனால் அந்த பாட்டிலின் லேபிளும் அழகாகத்தான் இருந்தது.

பெட்டியில் என்ன பார்க்கணும்?

தயாரிப்பாளர் பெயர், முகவரி, எடை, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம்-ஆண்டு, புகார் தொடர்பு எண் இவை பேக் செய்த பொருளில் சட்டப்படி இருக்க வேண்டும். இன்ஸ்டா பக்கத்தில் வாங்கும் வீட்டுத் தயாரிப்புகளில் இதில் பாதி இருப்பதில்லை. அதற்கு மேல் நாம் எதிர்பார்க்க வேண்டியது, எண்ணெயின் பெயர் தெளிவாக இருப்பது. 'ஃப்ராக்ரன்ஸ்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்திருந்தால் அது எசென்ஷியல் ஆயில் மெல்ட் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். தாவரத்தின் அறிவியல் பெயரைப் போடுபவர் பொதுவாக விஷயம் தெரிந்தவர்.

'நேச்சுரல்', 'ஈகோ ஃப்ரெண்ட்லி' போன்ற வார்த்தைகளை ஆதாரம் இல்லாமல் விளம்பரத்தில் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்திருக்கிறது. பொய்யான லேபிள் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தமிழிலேயே பேசலாம்.

வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் உள்ளே என்ன போகிறது என்று உறுதியாகத் தெரிய அதுதான் ஒரே வழி. 100 கிராம் சோயா மெழுகு, 6 கிராம் எண்ணெய். சந்தையில் 6 முதல் 10 சதவீதம் வரை கலப்பார்கள். சின்ன ஃப்ளாட்டுக்கு 3, 4 சதவீதமே போதும், குறைத்தே ஆரம்பியுங்கள். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். உருகியதும் அடுப்பை அணைத்து, இறக்கி, தூரமாகக் கொண்டுபோன பிறகுதான் எண்ணெய் சேர்க்க வேண்டும். இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை: எலுமிச்சை, ஆரஞ்சு, யூகலிப்டஸ் எண்ணெய்களின் ஆவி 50 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான சூட்டிலேயே தீப்பொறி பட்டால் பற்றக்கூடியது. மெழுகோ அப்போது 60 டிகிரியில் இருக்கும். இதே காரணத்துக்காக, எரிந்துகொண்டிருக்கும் டீலைட் பர்னரில் வாசனை குறைந்துவிட்டது என்று பாட்டிலைக் கவிழ்த்து சொட்டு விடுவதும் கூடாது.

60 - 65 டிகிரியில் எண்ணெயை ஊற்றி, இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்கி, சிலிகான் அச்சில் ஊற்ற வேண்டும். ஐஸ் ட்ரே போதும், ஆனால் அதை மறுபடி ஐஸுக்குப் பயன்படுத்தாதீர்கள். கெட்டியானதும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரமாவது வைத்துவிட்டு எடுத்தால் வாசனை நன்றாகப் பிடித்திருக்கும். கோடைக்கு என்றால் பத்தில் ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்தால் கட்டி உறுதியாக நிற்கும். வெட்டிவேரும் எலுமிச்சைப்புல்லும் சரிபாதி என்பது மழைக்கால வாடைக்கு நன்றாக ஒத்துப்போகும் ஜோடி. ஆனால் துணி காயாததால் வரும் பூஞ்சை வாடை என்றால் வாசனை அதை மூடுமே தவிர போக்காது. சுவரில் ஈரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

சூட்டைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு பழைய வழி ஒன்று இருக்கிறது. வெட்டிவேர் தட்டியில் தண்ணீர் தெளித்து ஜன்னலில் கட்டுவது. கரண்ட் வேண்டாம், மெழுகு வேண்டாம், ஜன்னலும் திறந்தே இருக்கும். கொசு வலைக்கு உள்பக்கமாகக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வாசனை தீர்ந்த மெழுகை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: உருகிய நிலையில் சிங்க்கில் ஊற்றவே கூடாது. குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும், பிறகு பிளம்பருக்குத்தான் செலவு. வார்மரை அணைத்துவிட்டு, மெழுகு உருகிய நிலையில் இருக்கும்போதே நாலைந்து பஞ்சு உருண்டைகளைப் போட்டு ஊற விட்டு எடுத்தால் கிண்ணம் சுத்தமாகிவிடும். கிண்ணத்தைத் தனியாகக் கழற்ற முடிந்தால் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். மெழுகு சுருங்கி, தட்டினாலே வில்லையாக வெளியே விழும்.